வடிகால் இடிந்த மூன்று ஏக்கர்

கட்டிகளில் ஒன்று நடந்தது.

நடந்து, நின்று,
மறுபடி கட்டியானது.
பிரேக்கில் வைத்த காலை நான் எடுக்கவில்லை.
மடியில் ரோலண்ட் ஸ்டக்கிக்கு வந்த மின்கட்டண உறை,
விதைக் கம்பெனியின் பளபளப்பான விளம்பரம்.

இந்தியானாவின் வடமேற்கு மூலை,
ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை.
போன வருட மக்காச்சோளத்தின் அடிக்கட்டைகள்
கணுக்கால் உயரத்தில் வெளுத்துக் கிடக்க
நடுநடுவே கறுப்பு மண்.
காற்றாலைகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் சுற்றுகின்றன.
என் வழித்தடம் நூற்றுப் பன்னிரண்டு மைல்.
நானூற்றெட்டு தபால் பெட்டிகள், பதினான்கு நாய்கள்.
இவற்றில் எதுவும் என்னை
நின்று போகச் சொன்னதில்லை.

பார்சல்களுக்கு அடியிலிருந்து தொலைநோக்கியை உருவினேன்.
கண்ணில் வைத்ததும்
வயல் முழுக்கக் கட்டிகளுக்குக் கால் முளைத்தது.
ஓடு, நில், குனி.
ஓடு, நில்.
எல்லா முகங்களும் காற்றுக்கு எதிராக.
முதுகில் யாரோ பொன்தூளை ஊதிவிட்டிருந்தார்கள்.
நெற்றியிலிருந்து தோள்வரை ஒரு வெள்ளை வார்.
வயிற்றில் கறுப்பு இன்னும் முழுதாக ஏறவில்லை,
திட்டுத்திட்டாக,
ஓடும் ரயிலில் உடை மாற்றுகிறவர்களைப் போல.

பொன் உப்புக்கொத்திகள்.
அர்ஜென்டினாவின் புல்வெளியில் கிளம்பி
ஆர்க்டிக்கின் பாசித் தரையில் முட்டையிடப் போகிற வழியில்
ரோலண்டின் வயலில் இறங்கியிருக்கின்றன.

எல்லாம் ஓர் ஓட்டைக் குழாயின் தயவு.
நிலத்தடியில் நூறு வருடக் களிமண் வடிகால் எங்கோ இடிந்து,
தண்ணீர் போகிற வழி தெரியாமல்
மூன்று ஏக்கர் அளவுக்கு
வானத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.
அதன் சேற்றோரம்தான் கூட்டம்.
நடுவே மஞ்சள்கால் உள்ளான்கள் நான்கு,
தம் பிம்பத்தையே கொத்திக்கொண்டு.

எண்ணினேன், பத்துப் பத்தாக.
நூற்றெழுபதில் ஒரு வல்லூறு குறுக்கே போக
வயல் தன் தோலை உதறியது.
ஒரு சுற்று. வெள்ளி. பிறகு கறுப்பு.
பிறகு எதுவுமே இல்லாத வானம்.
பிறகு, எங்கிருந்தோ, எல்லாம்.
இறங்கின.
மறுபடி ஒன்றிலிருந்து.

இருநூற்றுப் பதினாறில் டிரக் வந்து நின்றது.
"கார் மக்கர் பண்ணுதா, நெடீன்?"
"இல்ல. உன் வயல்ல விருந்தாளிங்க."
"வாத்தா?"
தொலைநோக்கியை நீட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைத் தொப்பிமேல் ஏற்றிவிட்டு
வெகுநேரம் பார்த்தான்.
"எனக்கு மண்ணுதான் தெரியுது."
பிறகு, "அட."
அதன்பின் கொஞ்சநேரம் காற்றாலைச் சத்தம் மட்டும்.

"விதையத் தின்னுமா?"
"புழு, பூச்சி."
"எடுத்துக்கட்டும்."
கருவியைத் திருப்பித் தந்தான். கண்ணைக் கசக்கினான்.
"வியாழக்கிழமை குழாய்க்காரன் வர்றான்.
மூணு வருஷமா இந்த மூணு ஏக்கர் எனக்குத் தண்டம்."
தலையாட்டினேன்.
வேறென்ன செய்ய?
வங்கியிலிருந்து மாதம் எத்தனை உறை வருகிறதென்று
அவன் மனைவிக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

செவ்வாய், மழை. ஓரத்தில் வண்டி நிறுத்த முடியவில்லை.
புதன், எனக்கு விடுமுறை; பல்வலி.
அன்றிரவு காற்று தெற்கிலிருந்து திரும்பியது.
வலிக்கிற கன்னத்தில் கைவைத்துப் படுத்திருந்தபோது
கூரைக்கு மேலே இரண்டு சுரத்தில் ஒரு விசில்.
கனவாகவும் இருக்கலாம்.

வியாழன்.
மஞ்சள் இயந்திரம் வயலைக் கீறி
நீளமாக ஒரு பள்ளம் வைத்திருந்தது.
தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டது.
ரோலண்டின் தபால் பெட்டியில் சிவப்புக்கொடி நிமிர்ந்திருந்தது,
எடுத்துப்போக ஏதோ இருக்கிறதாம்.
உள்ளே, கிழித்த வங்கி உறை ஒன்று.
அதன் முதுகில் பென்சிலால்:

231. புதன், மாலை ஆறரை.
நீ பதினஞ்ச விட்டுட்ட.

தபால்தலை ஒட்டவில்லை.
விதிப்படி திருப்பிப் போட வேண்டும்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
என்ஜினை அணைத்தேன்.

பள்ளத்தின் இரு கரையிலும்
தோண்டிய மண், ஈரமாக, கட்டி கட்டியாக.
எதுவும் நடக்கவில்லை.
இரண்டு முறை பார்த்தேன்.